தவளை வெடிக்கும் கதையா, யானை வணங்கும் கதையா?

எங்கள் பகுதி நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் ஐந்து முதல் ஒன்பது வயது வரையுள்ள பத்துப் பன்னிரண்டு குழந்தைகளுக்குக் கதை வாசித்துக் காட்டும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. சென்ற ஆண்டு வாசகர் வட்டத்தினர் ஒரு சிறு தொகையை என் கையில் கொடுத்து, "பிள்ளைங்களுக்குப் பணிவு வரணும் சார், அந்த மாதிரி மிருகக் கதைப் படப் புத்தகமா ஒரு ஆறு வாங்கிப் போடுங்க" என்றார்கள். எளிய வேலை என்றுதான் கிளம்பினேன். கடையில் இரண்டு மணி நேரம் நின்று புரட்டிய பிறகுதான், பணிவைச் சொல்லும் விலங்குக் கதைகள் என்று நாம் ஒரே கூடையில் போட்டு வைத்திருப்பவை, உண்மையில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மூன்று நான்கு பாடங்களைச் சொல்கின்றன என்பது புரிந்தது. அன்று வெறுங்கையோடு திரும்பி வந்தேன். அதன்பின் ஒவ்வொரு வகையையும் குழந்தைகளிடம் வாசித்துப் பார்த்து, ஒப்பிட்டு, எதை வாங்குவது எதை விடுவது என்று முடிவு செய்த கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எதைக் கற்பிக்க விரும்புகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். பணிவு, அடக்கம், தாழ்மை, கூச்சம், பயம் ஆகிய ஐந்தையும் அன்றாடப் பேச்சில் நாம் கலந்தே புழங்குகிறோம். மகனிடம் "அடக்கமாக இரு" என்று சொல்லும்போது பீற்றிக்கொள்ளாதே என்று பொருள்படுகிறது. அதையே மகளிடம் சொல்லும்போது வாய் திறக்காதே என்று பொருள்பட்டுவிடுகிறது. வள்ளுவர் இந்த இடத்தில் மிகத் தெளிவாக இருக்கிறார். "பெருக்கத்து வேண்டும் பணிதல் சிறிய சுருக்கத்து வேண்டும் உயர்வு" என்ற குறளை அவர் அடக்கமுடைமை அதிகாரத்தில் வைக்கவில்லை. மானம் என்ற அதிகாரத்தில் வைத்திருக்கிறார். செல்வமும் வலிமையும் பெருகியிருக்கும்போது பணிய வேண்டும், அவை சுருங்கியிருக்கும்போது தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது அதன் பொருள். கதையில் யார் பணிகிறார், வலியவரா எளியவரா என்ற ஒரே கேள்வியை இந்தக் குறளிலிருந்து எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பிப் போனேன். பாதிப் புத்தகங்கள் அந்தக் கேள்வியிலேயே கழிந்துபோயின.

கடையில் மிகுதியாகக் கிடைப்பது கர்வம் பிடித்த விலங்கு அழிந்துபோகும் வகை. மாட்டைப் போலப் பெரிதாக ஆசைப்பட்டு மூச்சைப் பிடித்து உப்பி வெடித்துப்போகும் தவளை, இரண்டு அன்னங்கள் தூக்கிவந்த கோலை வாயால் கவ்விக்கொண்டு பறக்கும்போது பேச வாய்திறந்து விழுந்து சாகும் ஆமை, நீலச்சாயத் தொட்டியில் விழுந்து நிறம் மாறி அரசனாகி ஊளையிட்டு மாட்டிக்கொள்ளும் நரி என்று இந்த வரிசை நீளும். இவை வேகமான கதைகள், படத்துக்கும் தோதானவை, குழந்தைகள் சிரிப்பார்கள். தவளைக் கதையை நானும் பலமுறை சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தக் கதையின் பழைய வடிவத்தை, முதல் நூற்றாண்டில் ஃபீட்ரஸ் என்ற புலவர் இலத்தீனில் பாடிய வடிவத்தை, ஒருமுறை கவனித்துப் பார்க்க வேண்டும். அங்கே உப்புகிற தவளை ஒரு தாய். அது தன் பிள்ளைகளைப் பார்த்து, "இப்போது நான் மாட்டைவிடப் பெரிதா?" என்று கேட்கிறது, பிள்ளைகள் இல்லை என்கின்றன, அது மேலும் உப்புகிறது, கடைசியில் பிள்ளைகளின் கண்முன் வெடித்துச் சாகிறது. எதிரில் உட்கார்ந்து கேட்கும் குழந்தை தன்னை எந்த இடத்தில் வைத்துக்கொள்ளும்? நான் இந்த வடிவத்தை வாசித்த அன்று, எப்போதும் முன்வரிசையில் அமரும் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி கேட்ட ஒரே கேள்வி, "அப்போ அந்தக் குட்டித் தவளைக்கெல்லாம் இனிமே யாரு சாப்பாடு குடுப்பாங்க?" என்பதுதான். கர்வமும் பணிவும் அவள் மனத்தில் எங்குமே இல்லை.

தண்டனையில் முடியும் கதை குழந்தையின் நடத்தையை மாற்றுகிறதா என்பதை ஓரளவு ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். உளவியல் ஆய்வாளர் காங் லீயும் உடன் பணியாற்றியவர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மூன்று முதல் ஏழு வயதுக் குழந்தைகளைத் தனியே விட்டு, ஒரு பொம்மையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, பிறகு ஒரு கதையை வாசித்துக் காட்டி, பார்த்தாயா என்று கேட்டார்கள். பொய் சொன்னால் மூக்கு நீளும் பொம்மைச் சிறுவன் கதையும், "புலி வருது" என்று ஏமாற்றியவன் கதையின் மேல்நாட்டு மூலமும் பொய்யைக் குறைக்கவில்லை. செர்ரி மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு தந்தையின் பாராட்டைப் பெற்ற ஜார்ஜ் வாஷிங்டன் கதை குறைத்தது. அந்தக் கதையின் முடிவையே மாற்றி, கெட்ட விளைவில் முடியும்படி செய்தபோது அந்தப் பலனும் போய்விட்டது. இது உண்மை பேசுவதைப் பற்றிய ஆய்வே தவிரப் பணிவைப் பற்றியது அன்று. அப்படியே பெயர்த்து நம் கேள்வியில் ஒட்டிவிட முடியாது. இருந்தாலும், "இப்படிச் செய்தால் செத்துப்போவாய்" என்பதைவிட "இப்படிச் செய்தவரை எல்லாரும் மதித்தார்கள்" என்பது சிறு வயதில் ஆழப் பதிகிறது என்று நினைக்க அது இடம் தருகிறது. அந்த ஆய்வில், உண்மை பொய்யோடு தொடர்பில்லாத பொதுக்கதையாக ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்டது முயல் ஆமைக் கதை என்பது ஒரு சுவையான செய்தி.

பஞ்சதந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1826-இல் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து அதைத் தமிழ் உரைநடையில் தந்த நாள் முதல் அது நம் பிள்ளைகளின் புத்தகமாகிவிட்டது. ஆனால் அதன் தொடக்கத்தையே நாம் மறந்துவிடுகிறோம். படிப்பு ஏறாத மூன்று அரசகுமாரர்களை ஆறு மாதத்தில் அரசியல் அறிந்தவர்களாக ஆக்குவதாக விஷ்ணுசர்மன் வாக்குக் கொடுத்துச் சொன்ன கதைகள் அவை. யாரை நம்புவது, யாரைப் பிரிப்பது, எதிரியை எப்படி வீழ்த்துவது என்பதே அங்கு பாடம். கிணற்றில் தன் நிழலைப் பார்த்துச் சிங்கம் குதிக்கும் கதையை "கர்வம் அழிவைத் தரும்" என்ற வாசகத்தோடு அச்சிட்டு விற்கிறார்கள். கேட்கும் குழந்தைகளோ ஏமாற்றிய முயலின் பக்கம் நின்று குதூகலிக்கிறார்கள். அதில் தவறில்லை. வலியவனை எளியவன் வென்ற கதை அது, குறள் சொல்லும் "சுருக்கத்து வேண்டும் உயர்வு". பணிவுப் பாடமாக மட்டும் அதை வாங்காதீர்கள் என்பதே நான் சொல்வது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோ 1762-இல் வெளியிட்ட கல்வி நூலில் காக்கையும் நரியும் கதையை எடுத்துக்கொண்டு, குழந்தை காக்கையைப் பார்த்துச் சிரிக்கும், ஆனால் நரியாகத்தான் இருக்க விரும்பும் என்று குறைபட்டுக்கொண்டது இதே காரணத்தால்தான்.

அடுத்தது போட்டிக் கதை. முயல் ஆமையைப் பற்றி நான் நீட்டப் போவதில்லை. அதை வாசித்து முடித்துவிட்டு, ஆமை பணிவானதா என்று கேட்டேன். "இல்ல, பந்தயத்துக்குக் கூப்பிட்டதே ஆமைதானே" என்றான் ஒருவன். ஈசாப்பின் மூலத்தைப் படித்தவன் போல் பேசினான். விடாமுயற்சிக்கு அந்தக் கதை போதும்; பணிவுக்கு வேண்டாம்.

மகாபாரதத்தில் ஒரு பறவைப் போட்டி இருக்கிறது. நம் படப் புத்தகங்களில் அது அதிகம் கண்ணில் படுவதில்லை. கர்ண பருவத்தில், கர்ணனுக்குத் தேரோட்டும் சல்லியன் அவனிடம் சொல்லும் காக்கையும் அன்னமும் கதை அது. கடற்கரையூர் வணிகன் வீட்டில் வளர்ந்த காக்கை ஒன்று, நூற்றொரு விதமாகப் பறக்கத் தெரியும் என்று அன்னங்களிடம் பீற்றிக்கொள்கிறது. எனக்குத் தெரிந்தது எல்லாப் பறவைகளுக்கும் தெரிந்த ஒரே விதந்தான் என்கிறது அன்னம். கடலின் மேல் இரண்டும் பறக்கின்றன. காக்கை முதலில் குட்டிக்கரணம் போடுகிறது, பின்னோக்கிப் பறந்து காட்டுகிறது. பிறகு களைத்து, இறங்க ஒரு மரமோ தீவோ இல்லாமல், சிறகும் அலகும் நீரில் படத் தத்தளிக்கிறது. அப்போது அன்னம், "நீ சொன்ன நூற்றொன்றில் இது எந்த வகை?" என்று கேட்கிறது. கேட்டுவிட்டு, காக்கையைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து விடுகிறது. படக்கதைக்கு இதைவிட நல்ல பக்கங்கள் அமையா: இரு பக்கமும் நிறைந்த கடல், நடுவில் கடுகளவு கறுப்புப் புள்ளி. தோற்றவன் சாகவில்லை, வென்றவன் விட்டுச் செல்லவில்லை. என் குழுவில் எட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கதை இது.

ஆனால் இதை அப்படியே எடுக்க முடியாது. சல்லியன் இந்தக் கதையைச் சொன்னது கர்ணனுக்குப் பணிவு வருவதற்காக அன்று, போர்க்களத்தில் அவன் மனத்தை ஒடிப்பதற்காக. அந்தக் காக்கை வணிகன் பிள்ளைகளின் எச்சிலைத் தின்று வளர்ந்தது என்று மூலத்தில் அழுத்திச் சொல்லப்படுகிறது. தேரோட்டி வீட்டில் வளர்ந்தவனைப் பார்த்து எறிந்த சொல் அது. அதைக் குழந்தைகளிடம் கொண்டுபோனால், பீற்றியதல்ல, பிறந்த வளர்ந்த இடமே குற்றம் என்று ஆகிவிடும். அந்த வரியை விட்டுவிட்டுப் பறப்பதிலிருந்து தொடங்கும் பதிப்பு கிடைத்தால் வாங்கலாம். இல்லையென்றால் நாமே வாயால் சொல்வது மேல். படத்தையும் பார்க்க வேண்டும். கறுப்பு முழுக்க அசடு, வெள்ளை முழுக்க அறிவு என்று வரைந்த பக்கத்தை நம் ஊர்ப் பிள்ளைகளின் முன் விரித்து வைக்க எனக்குக் கை வரவில்லை.

இதே காரணத்தால் நான் ஒதுக்கிய இன்னொன்று நம் மூதுரையில் இருக்கிறது. "கான மயிலாடக் கண்டிருந்த வான்கோழி" என்ற பாடலைப் படமாக்கிய அட்டைகளும் புத்தகங்களும் நிறைய உண்டு. கல்லாதவன் கற்றவன்போல் கவி பாடுவதைக் கேலி செய்யும் பெரியவர்களுக்கான பாட்டு அது. ஆடத் தெரியாதவள் ஆடிப் பார்ப்பதைக் கேலி செய்யும் படக்கதையாக அது மாறும்போது, எளியவன் தன் இடத்தில் இருக்கட்டும் என்பதே மிஞ்சுகிறது. ஆறு வயதில் எல்லாரும் வான்கோழிகள்தாம். ஆடிப் பார்த்துத்தான் கற்க வேண்டும். (இன்று நாம் வான்கோழி என்று அழைக்கும் பறவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, பாடலின் பறவை எது என்பது வேறு விவாதம். படம் வரைகிறவர்கள் எவரும் அதற்காகத் தூரிகையை நிறுத்தியதில்லை.)

மூன்றாவது வகை, வலியது தானாக வளைந்து கொடுக்கும் கதை. இதில் எல்லாருக்கும் தெரிந்தது சிங்கமும் எலியும். நான்கு ஐந்து வயதுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. சிங்கம் அவமானப்படாமலே தன் எண்ணத்தை மாற்றிக்கொள்கிறது. பதிலுக்குப் பதில் உதவி என்ற வணிகக் கணக்கு அதில் கொஞ்சம் உண்டு, அந்த வயதில் அது பொறுத்துக்கொள்ளத் தக்கது.

அதைவிட ஒரு படி மேலானது, புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் உள்ள கௌதாரிக் கதை. பாலி மொழித் தொகுப்பில் 37-ஆவதாக வருவது. ஆலமரத்தடியில் யானை, குரங்கு, கௌதாரி மூன்றும் வாழ்கின்றன. ஒன்றையொன்று மதிக்காமல் காலம் ஓடுகிறது. நம்மில் மூத்தவர் யார் என்று கண்டுபிடித்து அவரை மதிப்போம் என்று ஒரு நாள் முடிவு செய்கின்றன. நான் கன்றாக இருந்தபோது இந்த மரத்தைத் தாண்டி நடந்தால் நுனி என் வயிற்றில் உரசும் என்கிறது யானை. நான் குட்டியாகத் தரையில் உட்கார்ந்தபடியே இதன் கொழுந்தைக் கடித்திருக்கிறேன் என்கிறது குரங்கு. வேறோர் ஆலமரத்தின் பழத்தைத் தின்று நான் இங்கே இட்ட எச்சத்திலிருந்துதான் இந்த மரமே முளைத்தது என்கிறது கௌதாரி. உடனே யானையும் குரங்கும் அந்தச் சிறு பறவையை வணங்குகின்றன. தங்க இடம் கிடைக்காமல் புத்தரின் மூத்த சீடர் சாரிபுத்தர் மரத்தடியில் இரவைக் கழிக்க நேர்ந்தபோது, இடங்களை முந்திப் பிடித்துக்கொண்ட துறவிகளுக்குப் புத்தர் சொன்ன கதை இது என்பது மரபு. முயலையும் சேர்த்து நான்காக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் அதன் ஓவியத்தைப் பூட்டானில் மடங்களிலும் வீட்டுச் சுவர்களிலும் காணலாம்.

இந்தக் கதையின் பலம் அதன் படத்தில் இருக்கிறது. ஒரே மரம் நான்கு பக்கங்களில் நான்கு உயரமாகச் சுருங்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு விதையாக நிற்கிறது. யானை தன் பெருமையை இழப்பது இன்னொருவர் அடித்ததால் அல்ல, தெரியாத ஒன்று தெரிந்ததால். எச்சம் என்ற சொல் வந்ததும் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே யானை தும்பிக்கையை மடக்கி வணங்கும் பக்கம் வந்துவிடும். அறை சட்டென்று அமைதியாகும். குறை ஒன்று உண்டு. மூத்தவரை மதி என்ற அளவில் இதைச் சுருக்கிவிட்டால், வீட்டில் ஏற்கெனவே நாள்தோறும் கேட்கும் உபதேசம் ஆகிவிடும். ஏனெனில் குழந்தை எப்போதுமே இளையது. ஆகவே இதை வாசிக்கிறவர், யார் வணங்குகிறார் என்பதில் விரலை வைக்க வேண்டும்: இருப்பதிலேயே பெரியது, இருப்பதிலேயே சிறியதை.

தருமனின் அசுவமேத யாகத்துக்கு வந்து, பாதிப் பொன்னுடலோடு புரண்டு, ஏழைக் குடும்பம் தந்த மாவுக்கு இந்த யாகம் ஈடாகாது என்று அரசன் முகத்துக்கு நேராகச் சொன்ன கீரியின் கதையும் இந்த வகைதான். பசி, பஞ்சம், தன்னைத் தேய்த்துக் கொடுத்தல் எல்லாம் அதில் கனமாக இருப்பதால் பத்து வயதுக்கு முன் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பணிவைச் சொல்ல விலங்கு எதற்கு, மனிதப் பிள்ளைகளையே வைத்துச் சொன்னால் என்ன? டொரான்டோ பல்கலைக்கழகத்தில் பட்ரீசியா கானியா முதலியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கூர்மையாக எழுப்பியது. நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்குப் பகிர்ந்துகொள்ளுதல் பற்றிய ஒரே கதையை, சிலருக்கு விலங்குப் படங்களோடும் சிலருக்கு மனிதப் படங்களோடும் வாசித்தார்கள். மனிதப் படம் பார்த்தவர்கள் பின்னர் அதிக ஒட்டுப்படங்களைப் பகிர்ந்தார்கள். விலங்குப் படம் பார்த்தவர்கள் முன்னைவிடக் குறைவாகவே தந்தார்கள். அந்த விலங்குகளை மனிதர்போல் கருதிய பிள்ளைகள் மட்டும் கூடுதலாகக் கொடுத்தார்கள். சட்டையும் கண்ணாடியும் மாட்டிய கரடி தம்மைப் போன்றதல்ல என்று பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இந்த முடிவை மதித்து, தற்பெருமை பேசும் ஒரு பையனைப் பற்றிய மனிதக் கதை ஒன்றை நானும் வாசித்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்திலேயே பதினொரு தலைகளும் ஒரு சிறுவன் பக்கம் திரும்பின. அவன் முகம் சிவந்து, மறுவாரம் வரவில்லை. பகிர்தலுக்கும் பணிவுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: பகிராதவனைச் சுட்டினால் அவன் கையிலிருப்பதைக் கொடுத்துவிடலாம், பீற்றுகிறவனை நாலு பேர் நடுவில் சுட்டினால் அவன் கூசிக் குறுகத்தான் செய்வான், அது பணிவன்று. ஆகவே வீட்டில் மடியில் அமர்த்தி ஒரு பிள்ளைக்கு மட்டும் வாசிக்கிறவர்கள் மனிதக் கதையை வாங்கட்டும். கூட்டத்தில் வாசிக்கிறவர்களுக்கு விலங்கின் முகமூடி தேவை என்பது என் முடிவு.

புத்தகத்தின் அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நூற்றொரு கதைகள் அடங்கிய கெட்டி அட்டைத் தொகுப்பு விலைக்குச் சிக்கனம். ஆனால் ஒரு கதைக்கு ஒரு படம் என்று இருக்கும், யானை வணங்குவதற்குப் பக்கமே கிடைக்காது. ஒரே கதையை இருபது பக்கத்தில் விரிக்கும் மெல்லிய புத்தகந்தான் வேண்டும். பணம் போதாதவர்கள் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். கடைசிப் பக்கத்தில் "நீதி:" என்று கட்டம் கட்டி அச்சிட்டிருந்தால் அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவிடுவது என் வழக்கம். உளவியல் ஆய்வாளர்கள் காரன் வாக்கரும் டானியா லொம்ப்ரோசோவும் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், ஏன் இப்படி நடந்தது என்று அவர்களையே விளக்கச் சொன்னபோது கதையின் கருத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள் என்று கண்டிருக்கிறார்கள். கட்டத்துக்குள் விடை இருந்தால் "ஏன்" கேட்க வாய்ப்பில்லை.

இவ்வளவுக்கும் பிறகு நான் வாங்கியது: சிங்கமும் எலியும் ஒன்று, கௌதாரிக் கதை இரண்டு பிரதிகள். காக்கை அன்னத்துக்கு நல்ல பதிப்பு கிடைக்கவில்லை, வாயால் சொல்கிறேன். மீதி மூன்றுக்கும், கதையே இல்லாத, உண்மையான பறவைகளையும் பூச்சிகளையும் பற்றிய படப் புத்தகங்களை வாங்கினேன். வாசகர் வட்டத்தில் இதற்கு முணுமுணுப்பு இருந்தது. அவர்களுக்கு நான் காட்டியது ஔவையாரின் தனிப்பாடல் ஒன்றை:

"வான்குருவி யின்கூடு வல்லரக்குத் தொல்கரையான்
தேன்சிலம்பி யாவருக்குஞ் செய்யரிதால் - யாம்பெரிதும்
வல்லோமே என்று வலிமைசொல வேண்டாங்காண்
எல்லார்க்கும் ஒவ்வொன் றெளிது."

தூக்கணாங்குருவியின் கூட்டையும் அரக்கையும் கறையான் புற்றையும் தேனடையையும் சிலந்தி வலையையும் எல்லாராலும் செய்துவிட முடியாது. இங்கே விலங்கு வேடம் போடவில்லை, பேசவில்லை, தண்டிக்கப்படவும் இல்லை. தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவே. டொரான்டோ ஆய்வின் இடையூறும் இங்கே இல்லை, பதினொரு தலைகள் ஒருவன் பக்கம் திரும்பும் தொல்லையும் இல்லை.

தூக்கணாங்குருவிப் புத்தகத்தை வாசித்த சனிக்கிழமை, வயலோரத்திலிருந்து விழுந்துகிடந்த ஒரு பழைய கூட்டையும், ஒரு கட்டு நீளப் புல்லையும் எடுத்துச் சென்றேன். ஆண் குருவி அலகு ஒன்றை மட்டும் கொண்டு நார் கிழித்து முடிச்சிட்டு நெய்கிறது, பாதி கட்டியதைப் பெண் குருவி வந்து பார்க்கிறது, அதற்குப் பிடிக்காவிட்டால் ஆண் அதை விட்டுவிட்டு அடுத்த கூட்டைத் தொடங்குகிறது என்பதைப் படித்து முடித்துவிட்டு, ஆளுக்கு ஐந்து புல் கொடுத்து, இரண்டு விரல்களை மட்டும் அலகாக வைத்து ஒரு வளையம் பின்னச் சொன்னேன். எதைத் தொடங்கினாலும் "எனக்குத் தெரியும்" என்று முதல் குரல் கொடுக்கும் ஏழு வயதுப் பையன் அன்றும் அதையே சொன்னான். இருபது நிமிடம் கழித்து ஒருவர் கையிலும் ஒரு முடிச்சுகூட நிற்கவில்லை. மற்றவர்கள் புல்லை வீசிவிட்டு வெளியே ஓடினார்கள். அவன் மட்டும் கூட்டைத் தலைகீழாகப் பிடித்து, குழாய் போன்ற வாயிலுக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "சார், இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டான்.